மார்கழியில் போடாத கையெழுத்து

மஹாதேவன் நல்ல மனிதன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கல்கத்தாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தும் ஒருவரிடம் கைமாற்று வாங்கினதில்லை. ஒருவரைப் பற்றிக் கோள் சொன்னதில்லை. அவன் இருக்கிற இடம் தெரியாது என்பார்கள், அந்த ரகம். அப்படிப்பட்டவன் ஒரு நாள், கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னான். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் அவனைக் கடைசிவரை தின்றது.

1909ஆம் வருஷம், மார்கழி பிறந்த சில நாட்களில் அவன் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கினான். அப்போது வயது இருபத்திரண்டு. கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் தேறி, சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு புறப்பட்டு வந்திருந்தான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெண்டாட்டி நாகலக்ஷ்மி மன்னார்குடியில் அப்பா வீட்டில் இருந்தாள். புருஷன் ஒரு வேலையில் அமர்ந்து குடித்தனம் வைத்தால்தான் பெண்ணை அனுப்புவது என்பது அந்த நாள் வழக்கம்.

ரயிலடிக்கு வந்து அவனை அழைத்துப் போனவர் லக்ஷ்மிநாராயணன். சொந்தம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, கும்பகோணத்தில் இரண்டு பேரும் ஒரே தெரு, அவ்வளவுதான். அவர் ஆறேழு வருஷம் முன்னாலேயே கல்கத்தா வந்து, க்ளைவ் வீதியில் ஒரு சணல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தார். துரையிடம் சொல்லி மஹாதேவனுக்கு அங்கே இடம் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. அந்தக் கம்பெனியின் பெயர் இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை; நினைவு வைத்துக்கொள்ளும்படி அது ஒன்றும் செய்துவிடவும் இல்லை.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு குளத்தங்கரையில் அவர் வீடு. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. அதில் அவர், மனைவி ஜகதாம்பாள், இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். மஹாதேவன் உள்ளே காலடி வைத்ததும் ஜகதாம்பாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மொதல்ல குளிச்சுட்டு வா. ரெண்டு நாள் ரயில்ல என்னத்தச் சாப்ட்டியோ" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் அவனுக்கு மன்னி, அவர் அண்ணா. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத அவனுக்கு, இரண்டு நாள் ரயில் பிரயாணத்தின் முடிவில் ஓர் அண்ணா கிடைத்துவிட்டார்.

மறுநாள் ஆபீசில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. மாதம் நாற்பத்தைந்து ரூபாய் சம்பளம். மூன்று வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் எழுபத்தைந்து. பழைய துரை கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அந்த டிசம்பர் முடிந்தால் அவர் தம் பங்கைப் புதிய துரை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறுகிறவர். மஹாதேவன் பேனாவை எடுத்தான். லக்ஷ்மிநாராயணன் சட்டென்று அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னடா பண்றே? மார்கழி மாசம் போய் உத்தியோகத்துக்குக் கையெழுத்துப் போடுவாளா? தை பொறக்கட்டும். துரைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லாவிட்டாலும் மஹாதேவனுக்கே கை கூசியிருக்கும். மார்கழியில் நம்மவர்கள் வீடு மாற்ற மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள், ஒரு புதுத் துடைப்பம் வாங்கக்கூட யோசிப்பார்கள். ஆயுசுக்கும் சோறு போடப்போகிற வேலையை அந்த மாதத்தில் ஆரம்பிப்பார்களா? பழைய துரை சிரித்துவிட்டு, உங்கள் சௌகரியம்போல் செய்யுங்கள் என்று காகிதத்தை அவனிடமே கொடுத்துவிட்டார்.

ஆனால் துரை ஊருக்குப் போகிற சமயம், ஆபீசில் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. லக்ஷ்மிநாராயணன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "சேர்றதுதானே கூடாது? நீ சும்மா என் பக்கத்துல உக்காந்து எனக்கு ஒத்தாசை பண்ணு. அதுக்கு மார்கழி ஒண்ணும் சொல்லாது." மஹாதேவன் ஆபீசில் சேராமலே ஆபீசுக்குப் போனான். இரண்டாவது டைப் மிஷினின் முன்னால் உட்கார்ந்து, வருஷக் கணக்குகளையும் பங்குப் பத்திரங்களையும் அண்ணாவுக்குச் சமமாக அடித்துத் தள்ளினான். வருகைப் பதிவில் பெயர் இல்லை, சம்பளமும் இல்லை. மார்கழியை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் லக்ஷ்மிநாராயணன் சாந்தினி பஜாரிலிருந்து ஒரு கறுப்பு ஆல்பாகா கம்பளிக் கோட்டும், ஒரு ஜோடி பூட்ஸும், ஒரு மெத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். கல்கத்தாக் குளிரில் வேட்டியும் மேல்துண்டுமாகத் துரை முன்னால் நிற்க முடியுமா என்றார். விலை என்ன என்று மஹாதேவன் கேட்டதற்கு, "சம்பளம் வரட்டும், கணக்குப் பாத்துக்கலாம்" என்றார். பிறகு அந்தக் கணக்கை அவர் பார்க்கவே இல்லை.

தை பிறந்தது. ஜகதாம்பாள் பால் பாயசம் வைத்தாள். நல்ல வேளை பார்த்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மஹாதேவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். முத்து முத்தான கையெழுத்து. கீழே அன்றைய தேதியையும் எழுதினான். எழுதாமல் இருந்திருக்கலாம், யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் அந்த வீட்டுச் சோறு. காலையில் அண்ணாவும் தம்பியும் ஒரே ரயிலில் ஸியால்தா போய், அங்கிருந்து டிராம் பிடித்து ஆபீஸ் போவார்கள். சாயங்காலம் ஒரே ரயிலில் திரும்புவார்கள். சாப்பாட்டுக்கென்று அவன் கொடுக்கிற பணத்தில் பாதியை மன்னி அவனுக்கே வேட்டியாகவும் தைலமாகவும் திருப்பிவிடுவாள். மாவரைக்க அவளிடம் ஓர் ஆட்டுக்கல் இருந்தது. வங்காளிகள் வீட்டில் அம்மி மாதிரி ஒன்று உண்டே தவிர ஆட்டுக்கல் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்பா கூட்ஸ் வண்டியில் அனுப்பி வைத்தது அது. பாலிகஞ்சில் அந்த ஒரு வீட்டில்தான் தோசை வாசனை வரும். வீட்டுக்காரர் சம்சாரம், குண்டான வங்காளி அம்மாள், மாதம் இரண்டு தடவையாவது அந்த வாசனைக்கு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். மன்னி சில சமயம் கல்லைச் சுற்றிக்கொண்டே, "நாகலக்ஷ்மி வரட்டும். ஆளுக்கு ஒரு பக்கமா உக்காந்து அரைப்போம். எனக்கும் தோள் விட்டுப்போறது" என்பாள். நாகலக்ஷ்மியை அவள் பார்த்ததுகூடக் கிடையாது.

மன்னார்குடி மாமனார் வேறு ரகம். எழுபத்தைந்து ரூபாய் சம்பளமும் தனியாக ஒரு வீடும் ஆனால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று ஒரே பிடியாக இருந்தார். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வரவழைத்து, ஊரில் நாலு பேருக்குக் காட்டவும் செய்தார். முதல் வருஷம் பெருமையாகக் காட்டினார். மூன்றாவது வருஷம் வந்தபோது ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கல்கத்தாவில் வேறு குடும்பம் இருக்கிறதாம், அதனால்தான் பெண்ணை அழைத்துக்கொள்ளவில்லையாம். நாகலக்ஷ்மிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளோடு விளையாடின பெண்களெல்லாம் இடுப்பில் குழந்தையோடு கோவிலுக்கு வந்தார்கள். அவள் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று மாமனார் எழுதியிருந்தார். வருகிற பங்குனிக்குள் குடித்தனம் வைக்காவிட்டால் இனிமேல் தமக்குக் காகிதம் போடவே வேண்டாம் என்றும், பெண்ணைத் தாமே வைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

மஹாதேவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். 1913 ஜனவரி முடிந்து சம்பளம் கைக்கு வந்தது. நாற்பத்தைந்து ரூபாய்.

ஏதோ தவறு என்று நினைத்து, தலைமைக் குமாஸ்தா ஹரிசரண் பாபுவிடம் போனான். ஆபீசில் அவரை எல்லாரும் படே பாபு என்பார்கள். வெற்றிலைச் சிவப்பேறிய வாயோடு, கண்ணாடிக்கு மேலாக மனிதர்களைப் பார்க்கிற கிழவர். அவர் கையை விரித்து, துரையைப் பார் என்று காட்டிவிட்டார்.

புதிய துரை ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தார். கோபிக்கவில்லை, இரையவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். விரலால் தேதியைத் தொட்டுக் காட்டினார். பழைய துரையின் அதிகாரம் டிசம்பரோடு முடிந்தது. நீ ஜனவரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அப்போது இந்தக் காகிதத்தில் இருக்கிற கம்பெனியே இல்லை. இல்லாத கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. இத்தனை நாள் நீ வாங்கினது நாங்களாகக் கொடுத்த சம்பளம். எங்களுக்கு இஷ்டம் வந்தால் கூட்டுவோம்.

மஹாதேவன் விடவில்லை. "நான் டிசம்பரிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டேன், சார். இந்தக் காகிதத்தை நம்பித்தான் செய்தேன். எங்கள் வழக்கப்படி அந்த மாதத்தில் கையெழுத்து மட்டும் போடவில்லை."

துரை பதிவைப் புரட்டச் சொன்னார். அதில் பெயர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நான் அநியாயக்காரன் அல்ல. நீ டிசம்பரில் இந்த ஆபீசில் வேலை செய்ததைப் பார்த்த ஒருவர் வந்து சொல்லட்டும். ஒப்பந்தத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்றார்.

மஹாதேவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருவர் என்ன, அண்ணா இருக்கிறாரே. சாயங்காலம் ரயிலில் ஏறினதும் அவரிடம் சொன்னான். லக்ஷ்மிநாராயணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். வீட்டில் ஜகதாம்பாள்தான் பேசினாள். "ஏன்னா, இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்கதானே அவனக் கையெழுத்துப் போடப்படாதுன்னேள்? நீங்க போய்ச் சொல்லப்படாதா?" அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் துரை இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மஹாதேவன் அன்றைக்கு அந்த ஆல்பாகா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். முழங்கையில் பளபளப்பேறியிருந்தாலும் நல்ல கோட்டு. துரை கேட்டார்: "இவர் எப்போது வேலைக்கு வந்தார்?"

லக்ஷ்மிநாராயணன் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஜனவரியில், சார்."

"அதற்கு முன்னால்?"

"எனக்குத் தெரிந்து இல்லை, சார்."

மஹாதேவன் அவர் முகத்தையே பார்த்தான். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தான். அவர் திரும்பவில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் மஹாதேவனுக்கு நிற்கிற இடம் தெரியவில்லை. நாற்பத்தைந்து ரூபாயும் எழுபத்தைந்து ரூபாயும் அந்த நிமிஷம் அவனுக்கு மறந்தே போய்விட்டன. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், அவன் அங்கே இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவன் சீக்கிரமாகவே புறப்பட்டு முந்தின ரயிலில் போய்விட்டான். வீட்டில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். மன்னி சுக்கு அரைத்துக்கொண்டு வந்து நெற்றியில் பற்றுப் போட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்குப் புரிந்தது. சொல்லவும் வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஹரிசரண் பாபு அவனைத் தம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒரு வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"அந்த மாசத்துக்கு உங்கள் ஊரில் மார்கழி என்று பெயர், இல்லையா? அதுதானே எங்களுக்குப் பௌஷ் மாசம்? பௌஷில் எங்கள் வீட்டிலும் ஒரு நல்ல காரியம் தொடங்க மாட்டோம். மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பக்கூட மாட்டோம். நீ ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று துரைக்குப் புரியாது, எனக்குப் புரியாதா? நீ அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன்."

"அப்படியானால் துரையிடம் சொல்லுங்களேன், படே பாபு."

கிழவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். "சொல்லலாம். சொன்னால் உன்னோடு நிற்காது. லக்ஷ்மிநாராயண் பாபு ஏன் அப்படிச் சொன்னார் என்று துரை கேட்பார். அதற்கும் எனக்குப் பதில் தெரியும். கேட்டால் சொல்லத்தான் வேண்டியிருக்கும். யோசித்துச் சொல்லு."

இந்த இடத்தில் மஹாதேவன் யோசித்திருக்க வேண்டும். என்ன பதில் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது, மன்னார்குடியில் ஒரு பெண் வாசல்பக்கம் வராமல் இருந்தாள். அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டது கண்ணிலேயே நின்றது. "சொல்லுங்கள்" என்றான்.

படே பாபு சொன்னார். துரை அதைக் கேட்டுக்கொண்டு, கிழவர் எதிர்பார்த்த கேள்வியைத்தான் அடுத்தபடி கேட்டார். 1909 டிசம்பர் மாதத்துக் காகிதங்கள் வந்தன. அதிகப்படி வேலைக்கு, அடித்த ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று அந்த மாதம் கம்பெனி பணம் கொடுத்திருந்தது. லக்ஷ்மிநாராயணன் தம் பெயரில் முப்பது ரூபாய்க்குமேல் வாங்கியிருந்தார். அத்தனை பக்கங்களை ஓர் ஆள் அந்த நாட்களில் அடித்திருக்க முடியாது. அது இப்போது குருடனுக்கும் தெரிந்தது.

மறுபடியும் இரண்டு பேரும் அறைக்குள் நின்றார்கள். துரை ஒரு கட்டுக் காகிதத்தை மஹாதேவன் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அண்ணாவின் முதலெழுத்துகள் இருந்தன. "இவற்றை அடித்தது யார்?"

இப்போது லக்ஷ்மிநாராயணன் திரும்பி அவனைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பயந்த மாதிரியும் இல்லை. சாப்பிட உட்காரும்போது, நீ முதலில் உட்கார் என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. மஹாதேவன் காகிதத்தைப் பார்த்தான். இரண்டாவது மிஷினில் ஓர் எழுத்து எப்போதும் சற்று மேலே ஏறி விழும். பக்கம் முழுவதும் அது ஏறியே விழுந்திருந்தது. இல்லை என்று சொன்னால் நாகலக்ஷ்மி வர மாட்டாள். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவன் அந்த நிமிஷம் முழுக்க நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நினைத்தும் சொன்னானோ, அது அவனுக்கே கடைசிவரை தெளிவாகவில்லை.

"நான்" என்றான்.

எழுபத்தைந்து ரூபாய் சம்பளமும், ஜனவரிக்குச் சேரவேண்டிய பாக்கியும் அன்றைக்கே உத்தரவாயிற்று. அன்றைக்கே லக்ஷ்மிநாராயணனைக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்யாத வேலைக்குக் கூலி வாங்கினார், கேட்டபோது பொய்யும் சொன்னார்; அதனால் நற்சான்றுக் கடிதம் கிடையாது. அந்த நாளில் நற்சான்று இல்லாதவனை க்ளைவ் வீதியில் ஒரு கம்பெனியும் வாசலில் சேர்க்காது. மஹாதேவன் துரையிடம் திரும்ப ஓடினான். தனக்குச் சம்பளம் கூட்ட வேண்டாம், அண்ணாவை வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தான். துரை கண்ணை உயர்த்தாமலே, "உன் விவகாரம் தீர்ந்துவிட்டது. நீ போகலாம்" என்றார்.

பாலிகஞ்சில் இறங்கி வீடு போய்ச் சேர அவனுக்குக் கால் வரவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை, பெட்டியும் படுக்கையும் அங்கேதான் இருந்தன. லக்ஷ்மிநாராயணன் குளத்தங்கரையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்து, "வந்துட்டியா? உள்ளே போய்ச் சாப்பிடு" என்றார்.

ஜகதாம்பாள் இலை போட்டாள். சாதம் பரிமாறினாள். பரிமாறிவிட்டுச் சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அந்தப் பணத்த அவர் திங்கலேடா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீ வந்து எறங்கறச்சே ஒங்கிட்ட என்ன இருந்தது? அந்தக் கோட்டு, பூட்ஸு, மெத்தை எல்லாம் எதுல வந்ததுன்னு நெனச்சுண்டிருந்தே? ஒன் பேர்ல பணம் வாங்க முடியாது, நீதான் இன்னும் சேரலியே. அதனால தன் பேர்ல வாங்கி ஒனக்கே செலவழிச்சார். கேட்டா நீ கூச்சப்படுவேன்னு எங்கிட்டகூட அப்பறம்தான் சொன்னார். அன்னிக்கு தொரை கேட்டப்போ பயந்துட்டார். ரெண்டு பொண்ண வெச்சுண்டிருக்கார், பயந்துட்டார். அது தப்புதான். நான் தப்பில்லேன்னு சொல்லலே."

மஹாதேவன் இலையிலிருந்து கையை எடுத்தான். "மன்னி, எனக்குத் தெரியாது" என்றான்.

"தெரியாதுதான். நீ கேக்கலியே. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் என்ன, ஊர்லயா இருந்தேன்? இந்தச் சமையற்கட்டுலதானே இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வழக்கம்போல, "மோர் விடட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அவன் உடைந்து அழுதான். இலையின் முன்னால் உட்கார்ந்தபடி, எச்சில் கையோடு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

மறுநாள் அவன் பவானிபூரில் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தின ஒரு மெஸ்ஸுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது பாக்கியாக வந்த முப்பது ரூபாயை அண்ணாவின் முன்னால் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை. "வீடு பாக்கணும், பாத்திரம் வாங்கணும். ஒனக்கு வேண்டியிருக்கும்" என்று அவன் கோட்டுப் பையிலேயே திரும்பப் போட்டார். திட்டியிருந்தால், அடித்திருந்தால், அவன் பிழைத்திருப்பான்.

லக்ஷ்மிநாராயணன் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ஆபீஸ்களாக ஏறி இறங்கினார். எல்லாரும் அந்த நற்சான்றைத்தான் கேட்டார்கள். மாசி மாதம், ஒருவர் ரங்கூனில் அரிசி ஆலையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார், முப்பது ரூபாய்க்கு. குடும்பத்தோடு கப்பல் ஏறினார். அன்றைக்கு மஹாதேவன் லீவு போட்டுவிட்டுக் கிடர்பூருக்குப் போனான். தூரத்தில் நின்று பார்த்தான். பெரிய பெண் ஒரு கூஜாவைத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறுவது தெரிந்தது. கிட்டப் போகவில்லை. அதற்கப்புறம் அவர்களை அவன் பார்க்கவே இல்லை. ரங்கூனுக்குப் போட்ட காகிதங்களுக்குப் பதில் வந்ததில்லை.

பங்குனி வந்துவிட்டது. மஹாதேவன் வீடு தேடி அலைந்தான். மதராஸிக்கு வீடு கொடுக்க யோசித்தார்கள்; கொடுக்கிறவர்கள் கேட்ட வாடகை கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் அந்தக் குண்டான வீட்டுக்கார அம்மாளே அவனைப் பிடித்துக்கொண்டாள். "எங்கே போய்விட்டாய்? வீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். உன் பௌதி போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அடுத்து என் கொழுந்தன் பெண்டாட்டி வருவாள், அவளுக்குத்தான் என்று." பௌதி என்றால் வங்காளியில் அண்ணி.

வேறு வீடு கிடைத்திருந்தால் அவன் போயிருப்பான். கிடைக்கவில்லை. மாமனாருக்குத் தந்தி கொடுத்தான்.

மாமனார் பெண்ணைக் கொண்டுவந்து விட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நாகலக்ஷ்மி புதுப்புடவைச் சரசரப்போடு சமையற்கட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அதில் அத்தனை சந்தோஷம்.

"இங்கே வந்து பாருங்கோளேன். ஆட்டுக்கல் இருக்கு."

அவன் நிலைப்படியில் வந்து நின்றான். தூக்கிக்கொண்டு போக முடியாத கனம் என்று விட்டுப் போயிருந்தார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ. கல்லைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, குழவிக்கும் கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. புதுப்பெண் வருகிற வீட்டில் பெரியவர்கள் செய்வதுபோல் செய்திருந்தது. மஞ்சள் காய்ந்து லேசாக வெடித்திருந்தது. குங்குமம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

நாகலக்ஷ்மி கல்லின் முன்னால் குனிந்து கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். "யாரோ ரொம்ப நல்லவா. இத யார் வெச்சுட்டுப் போனா?"

"மன்னி" என்றான் மஹாதேவன்.

"எந்த மன்னி?" என்று சிரித்தாள் அவள். "உங்களுக்குத்தான் அண்ணாவே கெடையாதே."

"இருந்தார்" என்றான் அவன்.